குப்பை வண்டியில் ஏறிய முளைப்பாரி

எங்கள் ஊர்ப் பெயரை இதில் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்தப் பேரூராட்சிக்காரர்களுக்கு அதுவும் ஒரு விளம்பரமாகப் போய்விடும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருக்கிற ஊர் என்று தெரிந்தால் போதும். நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். மில்லில் நூல் சுற்றி உழைத்தது ராஜபாளையம். வாழ்க்கைப்பட்டது இந்த நடு ஊரில். பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம்தான் உட்கார்ந்தேன். பஸ்ஸின் நெற்றியில் இருப்பதைப் படிப்பேன், சுவரில் ஒட்டியதை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மெதுவாகத்தான் வரும். ஆனால் படித்தது மறக்காது.

அப்படித்தான் ஊருணிக் கம்பி வேலியில் புதிதாகத் தொங்கிய போர்டை ஒரு நாள் நின்று படித்தேன். துணி துவைக்கக் கூடாது. மாடு குளிப்பாட்டக் கூடாது. முளைப்பாரி முதலியவற்றைக் கரைக்கக் கூடாது. மீறினால் அபராதம், மன்றத் தீர்மானப்படி. "முதலியவற்றை" என்பதைக் கூட்டி முடிப்பதற்குள் கிருஷ்ணன்கோவில் போகிற காலேஜ் பஸ் ஒன்று என் பின்னால் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போய்விட்டது. முதல் இரண்டும் சரி என்றே வைத்துக்கொள்வோம். மூன்றாவதை மட்டும் மறுபடி ஒரு தரம் கூட்டிப் படித்தேன்.

எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் பாரி வளர்வது என் வீட்டுப் பின்னறையில்தான். அம்மன் கோவிலில் காப்புக் கட்டியதும் ஆளுக்கொரு மண்பானை வந்துவிடும். அடியில் வைக்கோல், மேலே கரம்பை மண், ஆட்டு எரு, அதற்கு மேல் ஊறவைத்த பயறு. அறையில் வெளிச்சம் படக் கூடாது. தண்ணீர் தெளிப்பவள் ஒருத்திதான், அது நான். நாற்று இருட்டுக்குள் மஞ்சளாக, முழ உயரத்துக்கு, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு எழுந்து நிற்கும். ஏழாம் நாள் வெயில் தாழ்ந்த பிறகு வெளியே எடுத்து, தலையில் தூக்கி, கோவிலைச் சுற்றி, ஊருணியில் கொண்டு போய்க் கரைப்போம். வாடாமல் தண்ணீர் போய்ச் சேர்ந்தால் அந்த வீட்டுக்கு நல்லது. வழியில் சாய்ந்தாலோ கருகினாலோ யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். சும்மா பார்ப்பார்கள். அந்தப் பார்வை வருஷம் முழுக்க இருக்கும்.

அந்த வருஷம் எதிர்வீட்டு மருமகளும் மாமியார் பானைக்குப் பக்கத்தில் முதல் முறையாகத் தன் பானையை வைத்திருந்தாள். பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை. இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய்விட்டது. அவளுடைய மாமியார், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். என் வயதுக்குக் கொஞ்சம் இளையவள். கோபம் வந்தால் நாக்கு தமிழை விட்டுவிடும். மருமகளை அடிக்க மாட்டாள், பட்டினி போட மாட்டாள். "எங்க வீட்டுக்கு மட்டும் எதுவும் தங்க மாட்டேங்கு" என்று வருவோர் போவோரிடம் எல்லாம் சொல்லுவாள். இந்தப் பாரியும் சாய்ந்தால் அதுவும் அந்தப் பெண் தலையில்தான் விழும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். வேலை விட்டு வரும்போதெல்லாம் என் வாசலில் நின்று கேட்பாள்.

"சாயாம நிக்கா ஆச்சி?"

"நிக்கி. நீ போய்ச் சாப்பிடு."

பானை வைப்பதற்கு முன்பே போர்டு வந்துவிட்டதால், நாங்கள் நாலைந்து பேர் பேரூராட்சி ஆபீசுக்குப் போனோம். அன்றைக்கு மன்றக் கூட்டம். பின்வரிசை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்து பார்த்தோம். ஒரு கிளார்க் நம்பர் போட்டுப் போட்டு வாசிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் மேஜையில் ஒரு தட்டு. என்னவென்று கேட்ட ஆளே இல்லை. வடைத் தட்டு வந்தபோதுதான் எல்லோர் தலையும் நிமிர்ந்தது. சேர்மன் வடையைத் தின்றுவிட்டு எண்ணெய்க் கையை அந்தத் தீர்மானத் தாளிலேயே துடைத்தார்.

எங்கள் வார்டு மெம்பர் ஒரு பெண். அவளுக்குப் பின்னால் கதவு ஓரமாக அவள் புருஷன் நின்றான். அவன் தலையசைத்தால் இவள் தட்டுவாள். நான் எழுந்தேன்.

அவன்தான் முந்திக்கொண்டான். "ஆச்சி, உக்காருங்க. மீட்டிங்ல பப்ளிக் பேசக் கூடாது."

"நீ மெம்பரா தம்பி?"

"எம் வீட்டம்மா மெம்பர்."

"அப்ப அவ பேசட்டும். வாய வீட்லயா வச்சிட்டு வந்தா?"

சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் குனிந்துகொண்டாள். சேர்மன் பெரிய மனது பண்ணி என்னைக் கேட்டார், என்ன வேணும் என்று. ஊருணியில் பாரி கரைக்கக் கூடாது என்றால் நாங்கள் எங்கே கரைப்பது என்றேன்.

"அதுக்குத்தான் மக்கும் குப்பை வண்டி ஏற்பாடு பண்ணிருக்கோம்மா. நாத்து மக்குற பொருள்தான? வண்டியில போட்டுருங்க, உரமாக்கிருவோம். சாமிக்கும் சாமி, வயலுக்கும் உரம்."

ஒரு குறும்பு இல்லை, கேலி இல்லை. நல்லது செய்கிற முகத்தோடு சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம்.

"அந்த வடக்கு மூலையில கல்யாண மண்டபத்துச் சாக்கடை ஊருணிக்குள்ள விழுதே, அது மக்குமா?" என்று கேட்டேன்.

மண்டபம் மெம்பர் புருஷனுடைய அண்ணனுடையது. கிளார்க் அடுத்த நம்பரைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார். அந்த நம்பர் என்ன தெரியுமா? ஊருணியைச் சுற்றி நடைபாதை போட்டு, கலர் விளக்குப் போட்டு, பூங்கா ஆக்கிவிட்டார்களாம். அதற்குத் திறப்பு விழா. வெளியூரிலிருந்து பெரிய விருந்தாளி ஒருவர் வருகிறார். காலை பத்து மணிக்கு. அவரை மகளிர் முளைப்பாரி எடுத்து வரவேற்க வேண்டும்.

எந்த நாள் என்று கேட்டேன். எங்கள் பாரி எடுக்கிற அதே நாள்.

"சாமிக்கு வளக்கத எடுத்து ஆளுக்கு வரவேற்பா?"

"ரெண்டும் ஒரே நாள்ல முடிஞ்சிரும்ல ஆச்சி," என்றான் கதவோரத்தில் நின்றவன். "உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்."

எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். கரைக்கக் கூடாது என்று ஒரு தட்டு, தூக்கிக்கொண்டு வா என்று அடுத்த தட்டு. ஊருணிக்கு ஆகாத பாரி போட்டோவுக்கு ஆகும்.

பெண்கள் போக மாட்டார்கள் என்று நினைத்தேன். நினைத்தது என் மடத்தனம். மெம்பர் புருஷன் வீடு வீடாக வந்தான். யார் வீட்டுக்கு என்ன தேவை என்று அவனுக்குத் தெரியும். ஒரு வீட்டில் மகளிர் குழுக் கடன், ஒரு வீட்டில் பட்டா, எதிர்வீட்டில் குடிநீர்க் குழாய். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் குழாய் வந்து, எதிர்வீட்டுக்கு மட்டும் வராமல் இருந்தது. முன்வரிசையில் நின்றால் குழாய் வரும் என்று மாமியார்க்காரிக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளே புரிந்துகொண்டாள்.

விழாவுக்கு முந்தின நாள் என் வீட்டுக்கு வந்தாள்.

"நாளைக்குக் காலைல ரெண்டு பானையும் வேணும். நானும் முன்னால நிக்கணும், எம் மருமகளும் எம் பக்கத்துல நிக்கணும்."

"இருட்டுல வளந்த பயிரு. பத்து மணி வெயிலுக்கு செத்த நேரங்கூட நிக்காது. ஒன் பானைய நீ கொண்டு போ. அவ பானை சாயங்காலந்தான் வெளிய வரும்."

"அதச் சொல்ல நீ யாரு? எம் மருமக பானை."

"தண்ணி ஊத்துனவ நான். சாவி எம் மடியில இருக்கு. எடுத்துக்க, ஏட்டி, தைரியம் இருந்தா."

தெலுங்கில் என்னவோ சொல்லிவிட்டுப் போனாள். எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே போதும்.

மறுநாள் காலையில் அறையைத் திறந்து மற்றப் பானைகளை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் அவரவர் பானை அவரவர் பொறுப்பு. என்னால் எல்லோருக்கும் குழாய் வாங்கித் தர முடியுமா? அந்த ஒரு பானையை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, ஊருணிக்கு எதிரே இருக்கிற டீக்கடை நிழலில் போய் நின்றேன். எதிர்வீட்டுப் பெண் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டாள். பொய்தான். நான் சொல்லிக் கொடுத்த பொய் இல்லை.

ரோட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே கலர் சேலை கொடுத்திருந்தார்கள். சேத்தூர்ப் பக்கம் இருந்துகூட வேன் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்கள். பத்து மணி தாண்டியது. விருந்தாளி ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு விழாவில் இருக்கிறார் என்றார்கள். பிறகு சாப்பிடுகிறார் என்றார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. பந்தல் நாற்காலிகளுக்கு மட்டும்தான். முதலில் நாற்றின் நுனி தொங்கியது. அப்புறம் தண்டு வளைந்தது. அப்புறம் பானை விளிம்பில் மடிந்து, பெண்களின் நெற்றியில் ஈரத் தலைமுடி போல ஒட்டிக்கொண்டது. ஒருத்தியும் பக்கத்தில் இருப்பவளின் பானையை நிமிர்ந்து பார்க்கவில்லை. தன்னுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று தெரியும்.

மெம்பர் புருஷன் ஓடி ஓடி வந்து பார்த்தான். அவனுக்குப் போட்டோ கவலை. நடைபாதை கழுவ வந்த தண்ணீர் லாரி ஓரமாக நின்றது. அவன் டிரைவரைக் கூப்பிட்ட சத்தம் டீக்கடை வரை கேட்டது.

"ஏலே, இங்க கொண்டா! செடிதான, தண்ணி அடிச்சா நிமிந்துரும்!"

டீக்கடைக்காரர் கையில் இருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டார். "கூறுகெட்ட பய," என்றார். நான் அதைவிடப் பெரிதாகச் சொன்னேன். அதை இங்கே சொல்ல முடியாது.

ரோட்டைக் கழுவுகிற குழாய் அது. அடித்த அடியில் நாற்று வேரோடு பிய்ந்து பறந்தது. ஒரு பானை உடைந்தது. கரம்பை மண்ணும் ஆட்டு எருவும் கரைந்து பெண்களின் முகத்தில், கழுத்தில், புதுச் சேலையில் வழிந்தது. எதிர்வீட்டு மாமியார் முன்வரிசையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சரியாக அந்த நேரத்தில் கார் வந்தது. விருந்தாளி கண்ணாடியை இறக்காமலே வாசல் வரை போய் இறங்கி, ரிப்பனை வெட்டி, விளக்கு சுவிட்சைப் போட்டு, கிளம்பிவிட்டார். உச்சி வெயிலில் கலர் விளக்கு எரிந்ததை யார் பார்த்தார்கள்?

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. விழாவில் சாப்பிட்ட இலைகள் அதில் ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தன. கேசரியும் சாம்பாரும் ஒட்டிய இலை. அதன்மேல் பாரியைக் கொட்டச் சொன்னார் துப்புரவு மேஸ்திரி. "சீக்கிரம் போடுங்கம்மா, வண்டி அடுத்த வார்டுக்குப் போவணும்."

"போடாதீங்கட்டி!" என்று ரோட்டைக் கடந்து ஓடினேன். ஓட்டம் என்றால் என் ஓட்டம்தான். நான் போய்ச் சேருவதற்குள் பாதிப் பேர் கொட்டிவிட்டார்கள். சிலர் அழுதுகொண்டே கொட்டினார்கள். சிலர் ஒரு பிடி நாற்றை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு மிச்சத்தைக் கொட்டினார்கள். மாமியார்க்காரியும் கொட்டினாள். அவர்கள்மேல் எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றைக்கு எனக்கு எல்லோரையும் பார்க்கவே பிடிக்கவில்லை. கொட்டச் சொன்னவனையும், கொட்டினவளையும்.

வெயில் தாழ்ந்ததும் அந்தப் பெண் தறியிலிருந்து நேராக வந்து குளித்து, ஈரத் தலையோடு என் வாசலில் நின்றாள். அறையைத் திறந்து பானையை வெளியே எடுத்தேன். ஒரு நாற்றுகூடச் சாயவில்லை. சிவப்பு நாடா கட்டிக்கொண்டிருந்தபோது மாமியார் தெருவைத் தாண்டி வந்தாள். தலை இன்னும் காயவில்லை. காதோரம் எரு ஒட்டியிருந்தது. பானையையே பார்த்தாள்.

"இது எங்க வீட்டுப் பாரி," என்றாள். "நான்தான் தூக்குவேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த நாடா அறுந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் குனிந்து பானையை எடுத்துத் தலையில் வைத்துவிட்டாள்.

"நானே தூக்குதேன் அத்தை. நீங்க கூட வாங்க."

மாமியார் வந்தாள். கோவிலைச் சுற்றிவிட்டு மூன்று பேரும் ஊருணிக்குப் போனோம்.

வாசலில் பூட்டு. காலையில் திறந்து வைத்த பூங்கா, மத்தியானமே பூட்டியாகிவிட்டது. உள்ளே வர எவ்வளவு வசூலிப்பது என்று அடுத்த மன்றத்தில்தான் முடிவாகுமாம். வாட்ச்மேன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாவி மெம்பர் வீட்டில் என்றார். மாமியாருக்கு அவர் தூரத்துச் சொந்தம். காலையிலிருந்து அடக்கி வைத்த அத்தனையையும் அவரிடம் தெலுங்கில் ஆரம்பித்தாள். அவரும் தெலுங்கிலேயே, "அக்கா, அக்கா" என்று கெஞ்சினார்.

அந்தச் சண்டைக்கு நடுவில் பார்த்தேன். பூங்கா வேலையில் மிஞ்சிய தளக் கற்களைக் காண்டிராக்டர் வேலி ஓரமாகவே அடுக்கிவிட்டுப் போயிருந்தான். அந்தப் பெண் பானையை இறக்கி என் கையில் கொடுத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லில் ஏறி, வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் குதித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"குடுங்க ஆச்சி."

வாட்ச்மேன் எழுந்தார். எங்களைப் பார்த்தார். நாற்காலியை ரோட்டுப் பக்கமாகத் திருப்பிப் போட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். "நான் டீ குடிக்கப் போயிருந்தேன்," என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல்.

அவள் படியிறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். பாரியை மூன்று முறை முக்கினாள். நாற்று விரிந்து மிதந்தது. நான் குலவை போட்டேன். வசவின் நடுவில் நிறுத்திவிட்டு மாமியாரும் குலவை போட்டாள். நாங்கள் இரண்டே பேர். வழக்கமாகத் தெருவே போடும்.

விளக்குக் கம்பத்தில் கேமரா இருந்தது. அது எங்களுக்கு உறைக்கவில்லை. அடுத்த மன்றத்தில் வேலியை இன்னும் உயர்த்துவதற்கு ஒரு தட்டு, எதிர்வீட்டு மருமகளுக்கு அபராதம் போடுவதற்கு ஒரு தட்டு. சாக்கடையைப் பற்றி எதுவும் இல்லை.

மெம்பர் புருஷன் ஒரு ராத்திரிகூடப் பொறுக்காமல் மன்றம் நடந்த அன்றைக்கே என் வீட்டுக்கு வந்தான். காகிதமும் பேனாவும் கையோடு.

"நீங்கதான் தூண்டிவிட்டீகன்னு ஊருக்கே தெரியும் ஆச்சி. தெரியாமப் பண்ணிட்டேன், மன்னிச்சிருங்கன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. அந்தப் புள்ளைக்கு அபராதம் இல்லாம நான் பாத்துக்கிடுதேன்."

"எனக்கு எழுத வாரதே கொஞ்ச எழுத்து. அதுல ஒண்ணக்கூட ஒனக்காகச் செலவழிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டேனே தவிர, அவன் போன பிறகு அந்தப் பெண்ணின் கூலி நினைவுக்கு வந்தது. எதிர்வீட்டுக்குப் போனேன். எழுதிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் ஆச்சி. நான் கட்டிருதேன்."

கட்டினாள். ரசீது கொடுத்தார்கள். அந்த ரசீதைத்தான் மாமியார் கையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகக் காட்டினாள். ஊருணியில் முளைப்பாரி கரைத்ததற்கு என்று அச்சு மையில் இருக்கிறதாம், கீழே பேரூராட்சி முத்திரை இருக்கிறதாம். "இந்த வருசம் தண்ணி பாத்தது எங்க வீட்டுப் பாரி ஒண்ணுதான். கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்கு, பாத்துக்கோ!" தன் பாரி குப்பை வண்டியில் போன கதையை ஒருவரிடமும் சொல்லவில்லை. மருமகள் வேலி ஏறிக் குதித்ததுகூடத் தான் சொல்லித்தான் என்று சொல்கிறாள். எங்க வீட்டுக்கு எதுவும் தங்க மாட்டேங்கு என்ற பேச்சு அன்றோடு நின்றது. குழாய் இன்னும் வரவில்லை.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குள் போனேன். அந்த ரசீதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள் மாமியார். குங்குமம் கூட வைத்திருந்தது. வடை எண்ணெயைத் துடைத்த கைகள் போட்ட முத்திரை, அம்மன் பக்கத்தில். உடம்பெல்லாம் கூசியது.

"இத எடுத்துக் கீழ போடு ஏட்டி," என்றேன் மருமகளிடம்.

மாமியார் உள்ளே இருந்தாள். அந்தப் பெண் அடுப்படியை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"இருக்கட்டும் ஆச்சி. அது அங்க இருக்க வரைக்கும் என்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாக."

ஒரு பெண் அந்த வீட்டில் நிமிர்ந்து நிற்க, நாற்று தண்ணீர் பார்த்ததும் போதவில்லை, அவன்களுடைய முத்திரையும் வேண்டியிருக்கிறது. அவள் காப்பி கொண்டு வந்தாள். அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குடித்தேன்.